மரம் செதுக்க கை உளியா மெஷினா: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மரம் செதுக்க ஆசைப்பட்டு வர்றவங்க கேக்குற முதல் கேள்வியே கை உளி வாங்கவா, இல்ல உளி தானா முன்னும் பின்னும் அடிச்சுக்கிற அந்த பவர் கார்விங் மெஷின் வாங்கவான்னுதான். தைப்பூசத்துக்கு தன் கையால செதுக்குன காவடிப் பலகையோட பினாங்கு தண்ணீர்மலை ஏறணும்னு நெனைக்கிற பையனும் கேக்குறான், ரிட்டையர் ஆனதும் வாசக்கதவுக்கு மேல கஜலட்சுமி பலகை ஒண்ணு செஞ்சு மாட்டணும்னு உக்கார்ற அங்கிளும் கேக்குறாரு, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. நான் சொல்றது இதுதான்: மெஷின் கொட்டாப்புளியோட, அதாவது உளியை அடிக்கிற மரச் சுத்தியலோட வேலையை மட்டும்தான் பாக்கும். எந்த உளியை எடுக்கணும், எந்தப் பக்கமா வெட்டணும், எங்க நிறுத்தணும், வாய் கூரா இருக்கா, இது எல்லாம் மெஷின் வாங்குனாலும் உங்க தலையிலதான். அதனால அஞ்சு கை உளி, ரெண்டு தீட்டுக்கல்லு, ஒரு தோல் பட்டை, இதோட ஆரம்பிங்க, மெஷின் வேணுமா வேணாமான்னு கொஞ்ச நாள்ல உங்க மணிக்கட்டே சொல்லிடும்.

எந்த மெஷினை பத்தி பேசுறோம்

கடையில போய் கார்விங் மெஷின்னு கேட்டா வேற வேற சாமான எடுத்துக் காட்டுவாங்க, அதுல குழம்பிடாதீங்க. ட்ரெமல் மாதிரி சின்னதா முனை சுத்துறது ஒரு வகை, அது மரத்தை அரைக்கும், வீடு பூரா மாவு மாதிரி தூசி. ஆங்கிள் கிரைண்டர்ல பல்லு வச்ச தட்டு மாட்டி ஓட்டுறது இன்னொரு வகை, அது பெரிய கட்டையை மொத்தமா கொறைக்க, புதுசா வர்றவங்க கிட்டயே போகக்கூடாது. நாம பேசுறது மூணாவது. கைப்பிடிக்குள்ள மோட்டார் இருக்கும், முன்னாடி ஒரு சின்ன உளி அலகு மாட்டியிருக்கும், ஸ்விட்ச் போட்டா மோட்டார் ஓடும் ஆனா அலகு சும்மாதான் இருக்கும், மரத்து மேல வச்சு அழுத்துன உடனேதான் உள்ள இருக்கிற அடி விழ ஆரம்பிச்சு அலகு குட்டிக் குட்டியா அடிச்சுக்கிட்டே முன்னுக்குப் போகும். ப்ராக்ஸான் கம்பெனி மெஷினை எடுத்துக்கிட்டா வெறும் 50 வாட்தான், ஆனா நிமிஷத்துக்கு 10,000 அடி. ஒவ்வொரு அடியும் ரொம்ப சின்னது, அதனால கட்டுப்பாடு உங்க கையில இருக்கும். இதுல தூசி வராது, கை உளியில வர்ற மாதிரியே சீவல்தான் விழும், அதுக்காகவே எனக்கு இந்த மெஷின் மேல ஒரு மரியாதை உண்டு.

முதல் படி: நீங்க எங்க இருக்கீங்க, என்ன செய்யப் போறீங்க

பணத்தை விட முக்கியமானது இடம். தரை வீடு, பின்னாடி கொஞ்சம் சிமெண்ட் தரை இருக்குன்னா எதை வேணும்னாலும் ஓட்டலாம். ரைஃபிள் ரேஞ்ச் மாதிரி அடுக்கு மாடி ஃப்ளாட்டுலயோ இல்ல கேஎல்ல கொண்டோவுலயோ இருந்தா யோசிக்கணும். கொட்டாப்புளி அடிக்கிற சத்தம் மேசைக் கால் வழியா எறங்கி கீழ் வீட்டுக்காரங்க தலையில விழும், மெஷின் சத்தம் ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்குப் போகும், ரெண்டுமே ராத்திரி 9 மணிக்கு மேல ஆகாது. சத்தமே இல்லாத வழி ஒண்ணு இருக்கு, லேசான மரத்தை எடுத்து கை பலத்துலயே உளியை தள்ளிச் செதுக்குறது. உள்ளங்கையில அடங்குற சின்ன கைப்பிடி உளி இதுக்குன்னே விக்குது. ஃப்ளாட்டுல இருக்கிறவங்க பேசாம இங்கயே ஆரம்பிக்கலாம், வேலை முடிச்சு ராத்திரி 11 மணிக்கு உக்காந்தா கூட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

என்ன செய்யப் போறீங்கன்னும் முடிவு பண்ணுங்க. உள்ளங்கை அளவு பிள்ளையார், கரண்டி, பெயர்ப்பலகை, இதுக்கெல்லாம் மெஷின் தேவையே இல்ல. ரெண்டு மூணு அடி பலகையில பின்னணி முழுக்க ஒரே மட்டமா எறக்கி மயிலையும் கொடியையும் தூக்கி நிக்க வைக்கணும், அதுவும் கெட்டி மரத்துலன்னா, அப்பதான் மெஷினுக்கு வேலை இருக்கு.

மரம்

இந்த விஷயத்துல மலேசியாவுல இருக்கிறவங்க கொடுத்து வச்சவங்க. பழகுறதுக்கு ஜெலுத்தோங் மரத்துக்கு மேல ஒண்ணு கிடையாது, வெளிர் நிறம், லேசு, நார் (மரத்தோட இழை) நேரா ஓடும், கத்தி வச்சா வழுக்கிக்கிட்டு போகும். ஒரே ஒரு தொல்லை, அது பால் மரம், பால் ஓடுன வழி பலகையில சின்ன கீறல் ஓட்டை மாதிரி அங்கங்க தெரியும், அதனால பலகையை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்து முகமோ பூவோ வர்ற இடத்துல ஓட்டை விழாம வாங்குங்க.

ரப்பர் மரம் மலிவா கெடைக்கும், எனக்கும் நம்ம தாத்தா பாட்டி பால் வெட்டுன மரமாச்சேன்னு ஒரு பாசம் இருக்கு, ஆனா கடையில விக்கிற ரப்பர் பலகை பெரும்பாலும் சின்னச் சின்ன துண்டை பல்லு பல்லா கோத்து ஒட்டுனது, ஒவ்வொரு துண்டுலயும் நார் ஒவ்வொரு பக்கம் ஓடும், செதுக்கும்போது ஒரு துண்டுல நல்லா வரும் அடுத்த துண்டுல பிச்சுக்கும். முழுத் துண்டா கெடைச்சா மட்டும் எடுங்க. மெராந்தின்னு பேர் சொல்லி விக்கிறதுல ஏகப்பட்ட ரகம் இருக்கு, கையில தூக்கிப் பாத்து லேசா இருந்தா பழக ஓகே.

செங்கால் வேற லெவல். காஞ்ச பிறகும் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல வர்ற மரம் அது, ஜெலுத்தோங் அதுல பாதிதான். கிளந்தான் திரங்கானு பக்கம் பழைய வீடு அரண்மனைல பாக்குற செதுக்கு வேலையெல்லாம் செங்கால்ல நிறைய இருக்கும். பழைய வீடு உடைக்கிற எடத்துல நல்ல செங்கால் துண்டு கெடைச்சா விடாதீங்க, ஆனா உளி வைக்கிறதுக்கு முன்ன ஒரு காந்தத்தை மேல ஓட்டி உள்ள ஆணி இருக்கான்னு பாருங்க. அப்பறம் ரெங்காஸ் மரம், நிறம் செவப்பா ரொம்ப அழகா இருக்கும், ஆனா அதோட பால் பட்டா தோல் வெந்து கொப்பளிக்கும், என்ன மரம்னு தெரியாத செவப்புத் துண்டை யாரும் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க.

மரத்தை வாங்குன உடனே ஏர்கான் ரூமுக்குள்ள கொண்டு போய் வைக்கவேணாம். இங்க காத்துல எப்பவும் ஈரம், மரமும் அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும், திடீர்னு காய வச்சா வெடிக்கும்.

அஞ்சு உளி எது எது

செதுக்கு உளிக்கு நம்பர் இருக்கு, ஷெஃபீல்ட்ல உருவான முறை. 1ன்னா நேர் வாய், 3ல இருந்து 9 வரைக்கும் வாய் வளைவு கூடிக்கிட்டே போகும், 3 கிட்டத்தட்ட தட்டையா இருக்கும், 9 அரை வட்டம், 11 ஆழமான குழி. ஸ்விஸ்காரங்க நம்பரும் ஏறக்குறைய இதே மாதிரிதான் ஆனா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அதனால ரெண்டு கம்பெனி உளியை நம்பர் மட்டும் வச்சு ஒப்பிடாதீங்க. என் தேர்வு: 3ஆம் நம்பர் 12 மிமீ, 5ஆம் நம்பர் 12 மிமீ, 9ஆம் நம்பர் 10 மிமீ, 11ஆம் நம்பர் 3 மிமீ, அப்பறம் 60 டிகிரி வி-உளி 6 மிமீ. இந்த அஞ்சும் இருந்தா முதல் வருஷம் பூரா ஓட்டலாம்.

சாதா தச்சு உளியை வச்சு செதுக்கலாம்னு பாக்காதீங்க, அதுல சாய்வு ஒரு பக்கம்தான் இருக்கும், செதுக்கு உளியில நேர் வாய்க்கு ரெண்டு பக்கமும் சாய்வு இருக்கும், அதனாலதான் அது மரத்துக்குள்ள குத்திக்காம மேலயே ஓடும். ஷாப்பியில 12 உளி செட் ரொம்ப சல்லிசா விக்குதேன்னு கையை வைக்கறதுக்கு முன்ன ஒரு விஷயம், அதுல நிறைய செட்டு இரும்பு மெதுவா இருக்கும், வரும்போதே மொட்டையா வரும், தீட்டுனாலும் கூர் நிக்காது, புதுசா வர்றவங்க தனக்குத்தான் கை வரலன்னு நெனைச்சு விட்டுட்டுப் போயிடுறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். நல்ல ஸ்விஸ் உளி ஒண்ணே நூறு வெள்ளிக்கு மேல போகும், ஆனா அதுல அஞ்சு இருந்தா போதும். இன்னொரு வழி பினாங்கு லோரோங் கூலிட் சந்தை, பழைய சாமான் நடுவுல சில சமயம் ஷெஃபீல்ட் முத்திரை குத்துன இங்கிலாந்து உளி கெடக்கும். கைப்பிடி ஒடைஞ்சிருந்தா பரவால்ல, புதுசா போட்டுக்கலாம், வாய் ஓரத்துல துரு குழி குழியா தின்னுருந்தா மட்டும் வேணாம், எவ்வளவு தீட்டுனாலும் அந்தக் குழி வந்து நிக்கும்.

வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல வரவழைக்கிறவங்க 2024 ஜனவரில இருந்து 500 வெள்ளிக்கு உள்ள இருக்கிற சாமானுக்கும் 10% வரி உண்டுங்கறதையும் கணக்குல சேத்துக்கங்க.

தீட்டுறது: இதை தாண்டி யாரும் போக முடியாது

இந்த பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. புது உளியா இருந்தாலும் தீட்டாம மரத்துல வைக்கக்கூடாது. 1000 கிரிட் தண்ணிக்கல்லு ஒண்ணு, 4000 இல்லன்னா 6000 ஒண்ணு, அப்பறம் ஒரு பலகையில ஒட்டுன தோல் பட்டை, அதுல தடவுற பச்சை பாலிஷ் கட்டி. வளைவு உளியோட சாய்வை கல்லு மேல படிய வச்சு, பக்கவாட்டுல நகத்திக்கிட்டே மணிக்கட்டை உருட்டணும், ஒரு மூலையில ஆரம்பிச்சு அடுத்த மூலை வரைக்கும் வாய் முழுக்க கல்லுல படணும், மூலையைத் தாண்டி உருட்டுனா மூலை தேஞ்சு போயிடும். உள்பக்கம் விரல் வச்சுத் தடவுனா மெல்லிசா ஒரு பிசிறு தட்டும், அது வாய் முழுக்க வந்தா கல்லு வேலை முடிஞ்சுது. அதுக்கப்பறம் நைசு கல்லு, அப்பறம் தோல். தோல்ல எப்பவும் பின்னுக்கு இழுக்கணும், முன்னுக்குத் தள்ளுனா தோல் கிழியும். உள்பக்கத்துக்கு தோலை மடிச்சு அந்த வளைவுக்கு ஏத்த மாதிரி தேச்சு பிசிறை எடுங்க.

சாய்வு கோணம் ஜெலுத்தோங்குக்கு 20 டிகிரி, செங்கால் மாதிரி கெட்டி மரத்துக்கு 25 டிகிரி, அதுக்கும் கொஞ்சம் கூட வச்சாலும் தப்பில்ல. சாணை மெஷின்ல வேகமா சுத்துற கல்லுல புடிச்சா ஜாக்கிரதை, வாய் ஓரம் நீலம் பூத்துருச்சுன்னா இரும்போட பதம் போச்சு, அந்த நீலம் போற வரைக்கும் தேச்சு எடுத்தாத்தான் மறுபடி கூர் நிக்கும். சரியா தீட்டியாச்சான்னு தெரிஞ்சுக்க விரல்ல பாக்காதீங்க, ஜெலுத்தோங் துண்டுல நாருக்குக் குறுக்க ஒரு வெட்டு வெட்டுங்க. வெட்டுன எடம் பளபளன்னு இருந்தா சரி, வெள்ளைக் கோடோ பிச்ச தடமோ தெரிஞ்சா மறுபடி தோலுக்குப் போங்க. வேலை நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தோல்ல நாலு இழுப்பு இழுத்துட்டு வந்தா கல்லுக்கே அடிக்கடி போக வேண்டியதில்ல.

மெஷின் அலகுக்கும் இதே தீட்டுதான், இன்னும் சொல்லப்போனா அதுக்குத்தான் அதிகம் தேவை. மொட்டை அலகை மெஷின்ல மாட்டுனா மரத்தை வெட்டாது, நசுக்கும், சூடாகும், அந்த அதிர்வு மொத்தமும் திரும்பி உங்க கைக்குத்தான் வரும். மெஷின் வச்சிருந்தா தீட்டத் தெரியவேணாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

முதல் பலகை

20க்கு 15 செண்டி ஜெலுத்தோங், 25 மிமீ தடிப்பு. மேசையில ரெண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்க, மரத்தை ஒரு கையில புடிச்சு இன்னொரு கையில உளி ஓட்டுறது எப்பவுமே கூடாது, ரெண்டு கையும் உளி மேல, உளி வாய்க்குப் பின்னாடிதான் இருக்கணும். ஒரு தாமரை வரைஞ்சுக்கங்க, இதழ் பெருசா இருக்கட்டும். கோட்டுக்கு வெளிப்பக்கம் ஒரு மிமீ விட்டு வி-உளியால சுத்தி ஓட்டுங்க. அப்பறம் 9ஆம் நம்பரால பின்னணியை எறக்குங்க, நாருக்குக் குறுக்க ஓட்டுனா மரம் நீளமா பிளந்துக்கிட்டு போகாது. ஒரே தடவையில ஆழம் போகவேணாம், ரெண்டு மூணு மிமீ எறக்கிட்டு, இதழோட ஓரத்தை அந்த வளைவுக்குப் பொருந்துற உளியை வச்சு கீழ்ப்பக்கமா அழுத்தி நேராக்குங்க, மறுபடி எறக்குங்க. ஓரத்தை உள்பக்கமா சாய்ச்சு வெட்டிடாதீங்க, இதழுக்கு அடியில புடிமானம் இல்லாம ஒடைஞ்சு விழும். பின்னணி எறங்குன பிறகு 5ஆம் நம்பர்ல இதழுக்கு குழிவு குடுங்க, 3ஆம் நம்பர்ல கடைசியா சீவி மட்டம் பண்ணுங்க.

இதுல நீங்க கத்துக்குற பெரிய பாடம் நார் ஓட்டம். மீனைத் தலையில இருந்து வாலுக்குத் தடவுனா வழுவழுன்னு போகும், வால்ல இருந்து தலைக்குத் தடவுனா செதில் குத்தும் இல்லயா, மரமும் அப்படித்தான். உளிக்கு முன்னாடி மரம் பிளந்து எழும்புச்சுன்னா ஒடனே நிறுத்தி எதிர்ப்பக்கத்துல இருந்து வாங்க. தாமரை இதழ்ல ஒரே இதழோட ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு திசை வரும், அதனாலதான் தாமரை நல்ல பயிற்சி. கை உளியில இந்தப் பிளவு ஆரம்பிக்கிறது கைக்கு முன்கூட்டியே தெரியும், சத்தம் கூட மாறும். மெஷின்ல அந்த அதிர்வு எல்லாத்தையும் மறைச்சுடும், நீங்க பாக்குறதுக்குள்ள ஒரு துண்டு பேந்துருக்கும். நான் கை உளியில ஆரம்பிங்கன்னு பிடிவாதமா சொல்றதுக்கு முக்கியக் காரணமே இதுதான்.

மெஷின் எப்ப வாங்கலாம்

ரெண்டு மூணு பலகை முடிச்சு தீட்டவும் கை வந்துருச்சு, இப்ப செங்கால், மெர்பாவ் மாதிரி கெட்டி மரத்துல பெரிய வேலை எடுத்துருக்கீங்க, பின்னணி எறக்கவே நாள் கணக்குல ஆகுது, அப்ப வாங்குங்க. மூட்டு வலி, மணிக்கட்டு வலி இருக்கிறவங்க, கொட்டாப்புளியை ஓங்கி அடிக்க முடியாத வயசானவங்க, இவங்களுக்கு நான் முன்னாடியே வாங்கச் சொல்லுவேன், செதுக்குறதையே விட்டுடறதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல். ஆனா இதுல ஒரு முரண் இருக்கு. மெஷினோட அதிர்வே கைக்கு ஆகாது, நாள் முழுக்க ஓட்டுனா விரல் மதமதன்னு ஆகும், ராத்திரி கை மரத்துப்போகும், அப்படி வந்துச்சுன்னா ஓட்டுறதை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. பதினஞ்சு நிமிஷம் ஓட்டு, கொஞ்சம் வச்சுட்டு கை உளியில வேற வேலை பாரு, அந்தப் பழக்கம் நல்லது, சின்ன மோட்டாரும் சூடாகாம பொழைக்கும்.

ரெண்டு வகை. மோட்டார் கைப்பிடிக்குள்ளயே இருக்கிறது ஒண்ணு, ப்ராக்ஸான், ஜப்பான்காரங்க ஆட்டோமாக் இந்த மாதிரி. இன்னொண்ணு மோட்டாரை மேல ஒரு கொக்கியில தொங்கவிட்டு வளையிற கம்பி வழியா கைப்பிடிக்கு ஓட்டுறது, அமெரிக்காவோட ஃபோர்டம் அதுக்குப் பேர் போனது, அதுல உளிக் கைப்பிடி தனியா வாங்கணும், ஆனா அதே மோட்டார்ல சுத்துற முனையும் மாட்டலாம், கையில பிடிக்கிற எடை கம்மி. அந்தக் கம்பியை ரொம்ப மடக்கி வளைக்காதீங்க, அப்பப்ப கிரீஸ் போடுங்க. கையில வச்சு ரொம்ப நேரம் நுணுக்கமா செய்யறவங்களுக்கு ரெண்டாவது, வேலை முடிஞ்சதும் எடுத்து உள்ள வச்சுடணும்ங்கற வீட்டுக்கு முதலாவது. ஆங்கிள் கிரைண்டர் முன்னாடி மாட்டி உளியா மாத்துற மலிவு சாமான் ஒண்ணு ஆன்லைன்ல வருது, கிரைண்டர் எடையும் வேகமும் நுணுக்க வேலைக்கு ஒத்து வராது, அது வேணாம்.

வோல்ட் பாத்து வாங்குங்க. நம்ம ஊர் கரண்டு 230 வோல்ட். அமெரிக்கா சாமான் 120, ஜப்பான் உள்ளூர்ல விக்கிறது 100, அதை நேரா நம்ம பிளக்குல குத்துனா அங்கயே முடிஞ்சுரும், டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேத்துப் பாத்தா லாபம் ஒண்ணும் நிக்காது. அலகு பின்னாடி கெடைக்குமான்னும் கேளுங்க. ஃப்ளெக்ஸ்கட் கம்பெனி அலகு பல மெஷின்ல பொருந்தும், உங்க மெஷினுக்குப் பொருந்துமான்னு கடைக்காரர் வாயால கேட்டுட்டு காசு குடுங்க.

ஓட்டுற விதம்

அலகு மாத்தும்போது பிளக்கை புடுங்கிடணும். அலகை உள்ள முட்டுற வரைக்கும் செருகி நல்லா இறுக்குங்க. மரத்தை கிளாம்ப் போடாம மெஷினை எடுக்கவே கூடாது. தாழ்வான கோணத்துல அலகை வச்சு மெல்ல அழுத்துங்க, அடி விழ ஆரம்பிச்சதும் அதே அழுத்தம் போதும், கூட அழுத்துனா வேகம் கூடாது அதிர்வுதான் கூடும். வெட்டு நடுவுல நெம்பாதீங்க, அலகு மெல்லிசு, ஒடைஞ்சுரும். ஜெலுத்தோங் மாதிரி லேசு மரத்துல அலகு சட்டுனு உள்ள பாஞ்சுடும், அங்க மெஷின் தேவையும் இல்ல. கண்ணாடி போடுங்க, காதுக்கு அடைப்பு போடுங்க. கடைசியா உப்புத்தாள் தேய்ச்சா என்95 மாஸ்க் கட்டாயம், மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே புற்றுநோய் உண்டாக்குற முதல் பிரிவுல சேத்துட்டாங்க.

பின்னணியோட கடைசி ரெண்டு மிமீக்கு வந்ததும் மெஷினை அணைச்சுட்டு கை உளியை எடுங்க. மெஷின் விட்டுட்டுப் போற பரப்பு சின்னச் சின்ன அலையா இருக்கும், கூரான 3ஆம் நம்பர் சீவுன பரப்புல வெளிச்சம் பட்டு நிக்கிற அழகு அதுல வராது. நேர்ல பாக்கணும்னா ஜார்ஜ்டவுன்ல கேனன் ஸ்குவேர்ல இருக்கிற கூ கொங்சிங்கற சீனக் குல மண்டபத்துக்குப் போங்க, மரச்செதுக்கை கிட்டப் போய் பக்கவாட்டுல இருந்து பாருங்க. கேஎல்ல இருக்கிறவங்க தேசிய அருங்காட்சியக வளாகத்துல திரங்கானுல இருந்து கொண்டு வந்து நிறுத்துன இஸ்தானா சாத்து மர அரண்மனையைப் பாக்கலாம், ஜாலான் கோன்லேல இருக்கிற கைவினை கிராஃப் காம்ப்ளெக்ஸுக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.

வேலை முடிஞ்சு உளியை அப்படியே போட்டுட்டுப் போனா இந்த ஊர் ஈரத்துக்கு ஒரே வாரத்துல கூட துருப்புள்ளி வந்துரும். கை வேர்வையைத் துடைச்சு, தையல் மெஷின் எண்ணெயை துணியில தொட்டு ஒரு தடவு தடவி, வாய் வாயோட முட்டாத மாதிரி துணிச் சுருள்ல தனித்தனியா செருகி வைங்க. சிலர் பெட்டிக்குள்ள கற்பூரம் போட்டு வைப்பாங்க, போடலாம், ஆனா எண்ணெய் தடவுறதை அதுக்காக விடவேணாம். மெஷின் அலகுக்கும் இதேதான், மெஷின்லயே மாட்டி விட்டுட்டுப் போகாம கழட்டித் துடைச்சு வைங்க.